தண்ணீர் வற்றிய பிறகு வேட்டங்குடி

வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு எல்லாரும் கார்த்திகை, மார்கழியில் போவார்கள். கண்மாய் நிறையத் தண்ணீர் கிடக்கும். தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் போடுகிற இரைச்சல் தூரத்திலேயே கேட்கும், மதுரையிலிருந்தெல்லாம் வண்டி பிடித்துக்கொண்டு வருவார்கள். நான் இந்தத் தடவை போனது கத்திரி வெயிலில்.

காரணம் என் அண்ணன் மகன். சென்னையில் ஏழாம் வகுப்பு முடித்துவிட்டு, வைகாசித் திருவிழாவைச் சாக்கு வைத்துப் பத்து நாளுக்கு எங்களிடம் வந்தவன். வந்த மறுநாளே "பக்கத்துல பறவை சரணாலயம் இருக்காமே அத்தை" என்று ஆரம்பித்துவிட்டான். இப்போது பறவை இருக்காதுடா என்றேன். கேட்டால்தானே. சரி, வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு வந்துவிடலாம் என்று விடிந்ததும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி எங்கே போகிறோம் என்று சொன்னபோது கடைக்காரர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அங்க இப்ப என்னம்மா இருக்கு, கொக்கு கூட இருக்காதே" என்றார். அவர் சொன்னது சரிதான். தண்ணீர் ஒரு மூலையில் சேறாக ஒதுங்கியிருந்தது, மரங்களில் போன பருவத்துக் கூடுகளின் சுள்ளி மட்டும் மிச்சம். பையன் முகம் தொங்கிவிட்டது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டின் மேற்கு ஓரம், திருப்பத்தூர் தாண்டி மதுரை ரோட்டுப் பக்கம் இருக்கிறது இந்த இடம். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள் சேர்ந்ததுதான் சரணாலயம். மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம், 1977-இல் அறிவித்தார்கள். பறவைகள் மிரண்டுவிடும் என்று இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வருஷா வருஷம் பத்திரிகையில் வருகிற செய்திதான், ஆனாலும் வெடி இல்லாமல் ஒரு தீபாவளியைப் பிள்ளைகளோடு கடத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

வந்ததற்குக் கரையிலாவது நடப்போம் என்று ஏறினோம். ஏறியதும் ஆவாரை. கண்ணுக்கு எட்டிய வரை கரை நெடுக ஆவாரை, அந்தக் காய்ச்சலிலும் உச்சிக் கிளை வரை மஞ்சளாக. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று சும்மாவா சொன்னார்கள்? சின்ன வயதில் எங்கள் ஐயா வெயிலில் வயலுக்குப் போகும்போது ஆவாரங்கொத்தை ஒடித்துத் தலைத்துண்டுக்குள் வைத்துக்கொண்டுதான் போவார், சூடு தலைக்கு ஏறாதாம். இப்போது அதே பூவைக் காயவைத்துப் பாக்கெட்டில் அடைத்து ஆவாரம்பூ டீ என்று விற்கிறார்கள். விலையைக் கேட்டால் சூடு தலைக்கு ஏறுகிறது.

ஒரு செடியின் பக்கத்தில் பையன் திடீரென்று நின்றான். "அத்தை, இந்த வண்டு கியர் மாத்துது."

கேட்டுப் பார்த்தேன். நிஜமாகவே மாற்றியது. கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கருவண்டு. எங்கள் பக்கம் கருவண்டு என்றுதான் சொல்வோம், ஆனால் அது வண்டு இல்லை, தேனீ இனம். காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்துக் கூடு வைப்பதால் தச்சுத் தேனீ என்று எழுதுகிறார்கள். உடம்பு அட்டைக் கருப்பு, சிறகில் மட்டும் வெயில் படும்போது கத்தரிப்பூ நிறம் மின்னும். பறந்து வரும்போது ஒரு ரீங்காரம். பூவைக் கட்டிப் பிடித்ததும் சிறகு அசையாமல் நின்றுவிடுகிறது, ஆனால் சத்தம் நிற்கவில்லை, இன்னும் ஒரு கட்டை ஏறி "ஸ்ஸ்ங்" என்று கேட்கிறது. பூ மொத்தமும் நடுங்குகிறது. இரண்டு நொடிதான். அப்புறம் அடுத்த பூ.

விஷயம் என்னவென்றால் ஆவாரம்பூவில் தேனே கிடையாது. இருப்பது மகரந்தம் மட்டும், அதையும் வெளியே தூவி வைக்காமல் குழல் போன்ற பைகளுக்குள் அடைத்து, நுனியில் ஒரு சின்ன ஓட்டையை மட்டும் விட்டு வைத்திருக்கிறது. உப்புக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவது போல, பூவை யாராவது உலுக்கினால்தான் தூள் கொட்டும். கருவண்டு தன் நெஞ்சுத் தசையை அதிரவைத்து அதைத்தான் செய்கிறது. சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை வராது. பெரியவர் உலுக்கிவிட்டுப் போன பிறகு, இதழில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டிருந்த தேனீக்கள் சிலவற்றையும் அங்கேயே பார்த்தோம். "செல்போன் வைப்ரேட் மோட்" என்று பையன் பெயர் வைத்துவிட்டான், எனக்கு அதைவிட நல்ல பெயர் தோன்றவில்லை.

அந்த ஆவாரை வரிசையிலேயே வெளிர் பச்சை கலந்த வெள்ளையில் பட்டாம்பூச்சிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு இருந்தன. கொன்னை வெள்ளையன் என்பார்கள். கொன்றை, ஆவாரை இலைகளில்தான் முட்டையிடும் என்பதால் அந்தப் பெயர். வழியில் ஒரு தோப்பு வாசலில் சரக்கொன்றை இலையே தெரியாமல் பூத்துத் தொங்கியதையும் பார்த்தோம், ஆனால் அதை எல்லாரும் படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள், நான் வேறு போடவேண்டாம். எனக்குப் பிடித்தது தரையில் படர்ந்த நெருஞ்சி. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஐந்து மஞ்சள் இதழ். காலையில் விரிந்து வெயில் முற்றும்போது சுருங்கிவிடும். சூரியனைப் பார்த்துத் திரும்புகிற பூ என்று சங்கப் பாட்டிலேயே வருகிறது. அழகான பூ முள்ளைப் பெறுகிறதே என்று அந்தக் காலத்திலேயே ஒரு பெண் நொந்துகொண்டதும் அதில்தான். அவள் சொன்னதன் உண்மையை என் ரப்பர் செருப்பு வழியாக அரை மணி நேரத்தில் இரண்டு முறை தெரிந்துகொண்டேன்.

எட்டரை மணிக்கெல்லாம் கண் கூசத் தொடங்கிவிட்டது. திரும்பினோம். வழியெல்லாம் பையன் கேட்டுக்கொண்டே வந்த ஒரு கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம்: "எல்லாம் காஞ்சு கிடக்கு, இது மட்டும் எப்படி அத்தை பச்சையா இருக்கு?"

வேர் ஆழமாகப் போகும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சரியான பதிலை மறுநாள் சொன்னவர் ஆடு மேய்க்கிற ஒரு பெரியம்மா.

எங்கள் ஊர்க் கண்மாயும் வற்றித்தான் கிடக்கிறது. சரணாலயத்தில் கண்ட இடத்தில் இறங்கிச் செடிகளைக் கிளற முடியாது, இங்கே கேட்க ஆள் இல்லை. மறுநாள் காலை, மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகிற கலுங்குப் பக்கம் ஒரு எருக்கஞ்செடியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு எதிரே சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டோம். ஒரு மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது என்று பந்தயம். பையன் ஜெயித்தான், எனக்குத்தான் கால் மரத்துப்போனது.

எருக்கம்பூவை நாம் சரியாகப் பார்த்ததே இல்லை. பிள்ளையார்பட்டி பக்கத்திலேயே இருக்கிறோம், சதுர்த்தி வந்தால் மாலையாகக் கட்டிப் போடுகிறோம், சின்ன வயதில் மொட்டை நசுக்கி "டப்" என்று வெடிக்க வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஐந்து இதழ் பின்னால் மடங்கி, நடுவில் கிரீடம் மாதிரி ஒன்று எழும்பி நிற்கிறதே, அந்தக் கிரீடத்தின் ஓரத்தில் ஐந்து மெல்லிய பிளவுகள் இருக்கின்றன. மகரந்தம் இங்கே தூளாக இருப்பதில்லை. மெழுகில் செய்த இரண்டு குட்டிப் பைகளை ஒரு கொக்கியில் மாட்டிய தராசு மாதிரி, பிளவுக்குள் ஒளிந்திருக்கிறது. தேன் குடிக்க வரும் பூச்சியின் கால் வழுக்கிப் பிளவுக்குள் போகும். வெளியே இழுத்தால் தராசும் காலோடு வந்துவிடும். அடுத்த பூவுக்கு அதைச் சுமந்துகொண்டு போகவேண்டும். கருவண்டுக்கு இழுக்கிற வலு உண்டு. எங்கள் எதிரே வந்த ஒன்றின் காலில் மஞ்சள் மஞ்சளாக இரண்டு தராசு தொங்கியதை நன்றாகப் பார்த்தேன். கண்ணாடியை மாற்றிய பிறகு செய்த உருப்படியான காரியம் இது. சின்னப் பூச்சி மாட்டினால் பாவம், இழுக்க முடியாமல் அங்கேயே தொங்கிச் சாகும்.

கொழுந்தில் மஞ்சள் அசுவினி அப்பிக் கிடந்தது. அதன் இனிப்பை நக்க எறும்பு வரிசை, அசுவினியையே தின்ன பொறிவண்டின் புழு. ஒரு கிளைக்குள்ளேயே ஒரு சந்தை நடந்தது. அப்புறம் வந்தார் கதாநாயகர், எருக்கு வெட்டுக்கிளி. மஞ்சளும் நீலமும் பட்டை பட்டையாக, கோயில் தூணுக்குப் புதிதாக வண்ணம் அடித்த மாதிரி. வளர்ந்தது ஒன்று, வளராத குஞ்சுகள் நாலைந்து. தொடாதே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பையன் ஒரு குஞ்சை இரண்டு விரலில் பிடித்துவிட்டான். அது அவன் சட்டையில் நேராகப் பீச்சியடித்தது. எருக்கம்பாலைத் தின்று வளர்கிற பூச்சி பீச்சுவது இளநீராகவா இருக்கும்? கண்ணில் படாமல் போனது எங்கள் நல்ல காலம். கலுங்கடியில் இருந்த கொஞ்சம் தண்ணீரில் கையைக் கழுவச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெரியம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரையேறி வந்தார்.

"என்னத்தா, பூச்சி பிடிச்சு வெளையாடுறீகளா?"

நான் ஏதோ விளக்கம் சொன்னேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை, சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார். பையன் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டான், எல்லாம் காய்ந்திருக்கும்போது இது மட்டும் ஏன் பச்சையாக இருக்கிறது என்று.

"இதென்ன அப்பு கேள்வி? ஆடு திங்காதது நிக்குது. திங்கிறது எப்பவோ போயிருச்சு."

அவ்வளவுதான் பதில். நான் சுற்றிப் பார்த்தேன். கரையில் ஆவாரை, ஆடு சீண்டாது. எருக்கு, வாய் வைக்காது. கண்மாய் உள்வாயில் ஈரம் கொஞ்சம் ஒட்டியிருந்த பக்கம் முழுக்கத் தேள்கொடுக்கு, தேள் வாலைச் சுருட்டினாற்போல பூந்தண்டு வளைந்து, வெளிர் ஊதாவில் பொடிப் பூ. அதையும் தொடாது. ஒரு காய்ந்த வயல் ஓரத்தைக் காட்டி, அதோ ஆடுதின்னாப்பாளை என்றார் பெரியம்மா. பெயரிலேயே இருக்கிறது. ஆறு மாதமாக எங்கள் ஊர் ஆடுகள் தின்னத் தின்ன, அவை ஒதுக்கியது மட்டும் மிஞ்சி, அதுதான் கோடையின் தோட்டமாக நிற்கிறது. கசப்பும் நஞ்சும் பாலும் உள்ள செடிகளின் தோட்டம்.

வேடிக்கை இனிமேல்தான். ஆடு ஒதுக்கியதைத்தான் பூச்சி தேடி வருகிறது. எருக்கை வெட்டுக்கிளி தின்கிறது, வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவும் தின்கிறது. ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளர்வது கருப்புச் சிறகும் சிவப்பு உடம்புமாக மெதுவாக மிதந்து போகிற அந்தப் பெரிய பட்டாம்பூச்சி. அவசரமே படாமல் பறக்கும், ஏனென்றால் எந்தக் குருவியும் அதைக் கொத்தாது. செடியின் விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டு, என்னைத் தின்றால் உனக்குத்தான் கேடு என்று ஊருக்கே தெரியும்படி வண்ணம் பூசிக்கொண்டு திரிகிறது. தேள்கொடுக்கில் இன்னொரு கதை. அதில் காய்ந்துபோன தண்டுகளில்தான் நீல வரியன்களும் வெந்தய வரியன்களும் மொய்த்துக் கிடந்தன, பூவில் அல்ல. வருவதில் பெரும்பாலும் ஆண்கள். அந்தச் செடியில் இருக்கிற கசப்புச் சத்தை உறிஞ்சி, பெண்ணைக் கவர்கிற வாசனையை அதிலிருந்துதான் தயாரிக்கின்றன. செண்டுக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதுகளுக்கும் அந்த எளவு வேணுமாக்கும்" என்று சிரித்தார்.

சேறு இருந்த இடத்தில் சின்னச் சின்ன நீலப் பட்டாம்பூச்சிகள், நகக்கண் அளவு, முப்பது நாற்பது இருக்கும், சிறகை மூடி உட்கார்ந்து உப்பு உறிஞ்சிக்கொண்டிருந்தன. பையன் ஓடியதும் சாம்பலை ஊதிவிட்ட மாதிரி எழும்பி அதே இடத்தில் உட்கார்ந்தன. அதற்கு மேட்டில் பொடுதலை படர்ந்து கிடந்தது. தலைப் பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிற அதே பொடுதலைதான். அதன் பூவைக் குனிந்து பார்த்தால் ஒரு குட்டித் தலையைச் சுற்றி வெள்ளைப் பூக்கள் மோதிரம் போட்டிருக்கும். தட்டான்கள் உயரத்தில் பறந்தன. தாழப் பறந்தால் மழை என்பார்கள், அன்று ஒன்றும் தாழவில்லை. அவன் வயதில் நாங்கள் தட்டான் வாலில் நூல் கட்டிக் கல் தூக்க வைத்த கதையை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

சீமைக்கருவேலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவும் பச்சையாகத்தான் நிற்கிறது, பூவில் தேனீ மொய்க்கத்தான் செய்கிறது, கோடையில் தேனீக்கு அது ஒரு சோறு என்று தேன் பெட்டி வைத்திருக்கிறவர்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் அதன் அடியில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு புல், ஒரு தும்பை, ஒரு நெருஞ்சி கிடையாது. எருக்கஞ்செடிக்கு எதிரே ஒரு மணி நேரத்தில் பதினொரு வகைப் பூச்சி எண்ணினோம், சீமைக்கருவேலத்துக்கு அடியில் எண்ணியது கட்டெறும்பு ஒன்றுதான், அதுவும் வழிதவறி வந்தது போல இருந்தது.

அன்று கிளம்பும்போது எருக்கிலையின் அடியில் ஒரு பெரிய புழுவைக் கண்டுபிடித்தான். கருப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் வளையமாக, உடம்பில் மூன்று ஜோடிக் கரும் கொம்புகள். வெந்தய வரியனின் புழு. இலை நரம்பைக் கடித்து முதலில் பாலை வடியவிட்டு, பிசுபிசுப்பு குறைந்த பிறகு அதற்கு அப்பால் தின்னத் தொடங்குகிறது. பாலைக் கறந்துவிட்டுச் சாப்பிடுகிற சாமர்த்தியம். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரே பிடிவாதம். இலையோடு எடுத்துக்கொண்டு வந்தோம்.

அம்மாவிடம் தூக்கு கேட்டோம். எங்கள் வீட்டில் எவர்சில்வர் தூக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு, எது யார் கல்யாணத்துக்கு வந்தது என்று. அதில் ஒன்றில் புழுவா என்று கொஞ்ச நேரம் நடந்தது. பேரன் கேட்டால் வேறு சட்டம்தானே. வாயில் கொசுவலைத் துணியைக் கட்டி, தினம் புது எருக்கிலை போட்டோம். மூன்றாம் நாள் காலை புழு துணியில் தலைகீழாகத் தூண்டில் முள் மாதிரி வளைந்து தொங்கியது. மறுநாள் புழு இல்லை. வெளிர் பச்சையில் மெழுகுப் பூச்சுக் கொடுத்த மாதிரி ஒரு கூட்டுப்புழு, ஓரத்தில் பொட்டு வைத்தாற்போல தங்கப் புள்ளிகள். வாங்கிய தங்கம் போல மின்னியது. "எங்க ஆயாவோட மூக்குத்தி இப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மா. அதற்குப் பிறகு தூக்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, இரவில் எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் எடுத்து வைத்ததே அவர்தான்.

காத்திருந்த நாட்களில் பையன் வீட்டைச் சுற்றியே பூச்சி தேடினான். எங்கள் பின்கட்டுத் தாழ்வாரத்தில் மழைச் சாரல் படாத பொடி மண் இருக்கிறது. அதில் புனல் புனலாகக் குழிகள். குழியானை. எனக்கு மிகவும் பிடித்த பிராணி, அம்மாவுக்கு அது வெறும் குப்பை மண். குழியின் அடியில் தலையை மட்டும் நீட்டிப் பதுங்கியிருக்கும், சரிவில் எறும்பு கால் வைத்ததும் மண்ணை அள்ளி அதன் மேல் வீசும், எறும்பு சறுக்கி நேராக இடுக்கி வாய்க்குள். வெளியே எடுத்து விட்டால் பின்னோக்கித்தான் நடக்கும். இது வளர்ந்து தட்டான் மாதிரி மெல்லிய சிறகோடு இரவில் விளக்குக்கு வரும் என்று சொன்னபோது பையன் நம்பவில்லை. மறுநாள் ராத்திரி டியூப்லைட் அடியில் ஒன்று வந்து உட்கார்ந்தது. தட்டானுக்கு இருப்பது மயிரிழை உணர்கொம்பு, இதற்கு முனை தடித்த கொம்பு என்று காட்டினேன். அதிர்ஷ்டம்தான்.

முகப்பு நிலைக்கு மேலே குளவி கட்டிய மண்கூடு ஒன்று உடைந்து விழுந்திருந்தது. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சின்னதிலிருந்து கேட்டு வளர்ந்த நான், உள்ளே பார்த்தபோது நாலு பச்சைப் புழுக்கள் சாகாமல், அசையாமல் கிடந்தன. குளவி கொட்டி மயக்கி, தன் முட்டையோடு சேர்த்து வைத்து மூடியிருக்கிறது. குஞ்சு பொரிந்து அந்தப் புழுக்களைத்தான் தின்னும். நம் முன்னோர் புழுவை வைத்து மூடியதையும் குளவி வெளியே வந்ததையும் சரியாகப் பார்த்திருக்கிறார்கள், நடுவில் நடந்ததைத்தான் பார்க்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "எங்களுக்குச் சொன்னவுக அப்படித்தான் சொன்னாக" என்று முடித்துவிட்டார்.

நடுவில் ஒரு எரிச்சல். எங்கள் ஊருணிக் கரையைத் திருவிழாவுக்குச் சுத்தம் செய்கிறோம் என்று ஒரு நாள் காலை பொக்லைன் வந்தது. அரை மணி நேரத்தில் ஆவாரை, தும்பை, எருக்கு, கொழிஞ்சி எல்லாம் செம்மண்ணோடு வழித்து ஒரு குவியல். விட்ட இடத்தில் களைக்கொல்லி வேறு. குடிதண்ணீர் ஊருணி ஐயா இது, என்று போய் நின்று கேட்டேன். "புதர் மண்டிக் கிடந்தா நல்லாவா இருக்கு" என்றார் மேற்பார்வை பார்த்தவர், கோபமாகக் கூட இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். திருவிழா அன்று கரை பளிச்சென்று இருந்தது, சீரியல் விளக்குப் போட்டிருந்தார்கள். தெற்குக் கரையில் மட்டும் பொக்லைனுக்குத் திரும்ப இடம் இல்லாமல் ஆறேழு ஆவாரை தப்பியிருக்கிறது. வசூலுக்கு வந்தவரிடம், அடுத்த வருஷம் அந்தப் பக்கம் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பையன் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு தூக்கைப் பார்த்தால் பச்சை போய்விட்டது. கூட்டுப்புழு கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே ஆரஞ்சுச் சிறகும் கருப்பு ஓரமும் மடித்து வைத்த புடவை போலத் தெரிந்தன. நாளைக் காலை வெளியே வந்துவிடும். அவனுக்கோ விடிகாலைப் பல்லவன் எக்ஸ்பிரஸ். விட்டுவிட்டுப் போ, நான் வீடியோ எடுத்து அனுப்புகிறேன் என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரி எடுத்துக்கொண்டு போ. வெந்தய வரியன் சென்னையிலும் இருக்கிற பட்டாம்பூச்சிதான், எருக்கு எந்த ஊரில் இல்லை. ஆக, காரைக்குடி ஸ்டேஷனில் அண்ணன் கையில் பெட்டி, பையன் மடியில் இரண்டு தூக்கு. ஒன்றில் சீப்புச் சீடையும் மனகோலமும், ஒன்றில் இது.

ஒன்பது மணி வாக்கில் போன் வந்தது. விருத்தாசலம் தாண்டியிருந்தார்களாம். "அத்தை, வந்துருச்சு. சிறகெல்லாம் கசங்கி இருக்கு, செத்துருமா?" சாகாது, துணியில் தொங்கட்டும், சிறகு விரிந்து காய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆட்டாதே என்றேன். பின் சிறகின் நடுவில் கரும்பொட்டு எத்தனை என்று எண்ணு, மூன்று என்றால் பெண், நாலு என்றால் ஆண். ரயில் சத்தத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் எண்ணினான். நாலு. எதிர் சீட்டில் இருந்த ஆச்சி ஒருவர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் "பறக்கலையா, பறக்கலையா" என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். செங்கல்பட்டு வரை அது அசையவே இல்லை. தாம்பரத்தில் வண்டி நின்றதும் இறங்கி, பிளாட்பாரத்தில் துணியை அவிழ்த்திருக்கிறான். விளிம்பில் ஏறி இரண்டு தடவை சிறகை விரித்து மூடிவிட்டு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் புதர் இருந்த திசையில் போய்விட்டதாம். அந்தப் புதர் எருக்குதான் என்று அவன் சத்தியம் செய்கிறான்.

அந்த அவசரத்தில் தூக்கை பிளாட்பார பெஞ்சிலேயே வைத்துவிட்டு வண்டியேறிவிட்டார்கள். அது அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த தூக்கு என்பது எனக்கு நேற்றுதான் தெரியும். காலையிலிருந்து ஐந்து முறை கேட்டுவிட்டார்.